தூக்கிவிடும் கைகள்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு அருகே சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறோம். விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட என் மகன் (வயது 22) சக்கர நாற்காலியில்தான் வெளியே செல்ல முடியும். தெருவில் ஓடிய சக்கரம் கோவிலுக்குள் வந்தால் தீட்டு என்கிறது எங்கள் கோவில் நிர்வாகம். அவனைக் கோவில் நாற்காலிக்கு மாற்றித் தொண்டர்களே தூக்கிச் செல்வார்களாம். ஆகமம் என்ன சொல்கிறது? முன்வினை என்று பேசுவோருக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

ஆகமத்தை விடுங்கள். தெருவில் நடந்த கால்களைக் கழுவிக்கொண்டு நாம் உள்ளே போகலாமென்றால், சக்கரத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உங்கள் மகனும் போகலாம். முன்வினை பேசுவோருக்குப் பதிலே வேண்டாம். மூட்டுத் தேய்ந்து படியேற முடியாத நாள் வரும்போது அவர்களுடைய தத்துவம் தானாக மாறிவிடும்.

என்னை உறுத்துவது அந்தத் தொண்டர்கள்தான். இதைப் பற்றி நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் அத்தைக்குச் சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில் என் அப்பாவும் சித்தப்பாக்களும் அவரை நாற்காலியோடு தூக்கி மாரியம்மன் சன்னிதிக்கு முன்னால் வைப்பார்கள், பார்ப்பவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். ஆனால் அத்தை தாம் நினைத்த நேரத்தில் ஒருமுறையேனும் கோவிலுக்குப் போனதில்லை. நான்கு ஆண்களுக்கு ஓய்வு கிடைக்க வேண்டும், எப்போது திரும்புவது என்பதையும் அவர்களே முடிவுசெய்வார்கள். தூக்கும்போது புடவை விலகினால், விழாமலிருக்க நாற்காலியைப் பற்றிய கைகளை எடுத்து அதைச் சரிசெய்ய அவரால் முடியாது. சித்தப்பாக்களுக்கு முதுகுவலி வந்த பிறகு அவருடைய தரிசனமும் நின்றுபோனது. சாமி வீட்டிலேயே இருக்கிறது என்று அவர் சொல்லத் தொடங்கியதை, உறவினர்கள் பக்தியின் முதிர்ச்சி என்று மெச்சினார்கள்.

தூக்குபவர்களின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உற்சவமூர்த்தியைத் தோளில் சுமப்பதைப் போன்ற புண்ணியமாக அதை நினைப்பவர்கள், உற்சவமூர்த்திக்கு அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்காது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நாற்காலியை மாற்ற ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதுகுத்தண்டு அடிபட்டவருடைய இருக்கையும் மெத்தையும் அவர் உடம்புக்கென்று அளந்து அமைத்தவை. உணர்விழந்த தோல் வேறோர் இருக்கையில் அழுந்தினால், வலி தெரியாமலே புண்ணாகிவிடும், ஆற மாதக்கணக்கில் ஆகலாம்.

நீங்கள் கேட்க வேண்டியது சாய்தளம். சரிவு 12க்கு 1 (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) என்ற அளவைத் தாண்டக்கூடாது என்பது இந்நாட்டுக் கட்டட விதி. தலா 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகளென்றால் 5.4 மீட்டர் நீளம் வேண்டும், அவ்வளவுதான். காவடித் திருநாளில் வந்தவர்களுக்கெல்லாம் பந்தலிட்டு அன்னம் படைக்கவும், தீமிதிக்குக் குழி வெட்டவும் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வேலையா? பணமில்லை என்பார்கள். கோபுரத்துக்கு வண்ணம் பூசும்போது அந்தச் சொல்லை நான் கேட்டதேயில்லை. 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னாலுள்ள தடைகளை அகற்றத் தவறுவதையே பாகுபாடு என்கிறது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

அல்லது, நீங்கள் சொல்லாதீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, 22 வயது மகனைப் பற்றிய இக்கடிதத்தில் அவன் என்ன நினைக்கிறான் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அவனுக்குக் கோவிலுக்குப் போக விருப்பமா என்று முதலில் கேளுங்கள். விருப்பமென்றால் நிர்வாகக் கூட்டத்தில் அவனே பேசட்டும். படியில்லாத அறையில் அக்கூட்டத்தை வைக்கும்படி இந்த வாரமே அவனை எழுதச் சொல்லுங்கள்.