பதில்: சரக்கு ரயில் சத்தம், குன்னூர் மாணவரின் புராஜெக்ட்

வணக்கம் தம்பி. சரக்கு வேகன் சக்கரத்தை அழுத்தி நிறுத்தும் வார்ப்பிரும்பு பிரேக் கட்டைக்குப் பதில், பல பொருள்கள் கலந்து செய்த கலவைக் கட்டை போட்டால், பிரேக் பிடிக்கும்போது வரும் கிறீச் சத்தம் மட்டும்தானே குறையும், இதற்கு ஒரு புராஜெக்டா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். பெரிய லாபமே பிரேக் பிடிக்காமல் ஓடும்போதுதான்.

வார்ப்பிரும்பு, தண்டவாளத்தில் உருளும் சக்கரப் பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும். அப்புறம் அந்தச் சக்கரம் உருளும்போதெல்லாம் தண்டவாளமும் சேர்ந்து அதிரும். ராத்திரி ஊரை எழுப்புவது அந்த இரைச்சல்தான். கலவைக் கட்டை பரப்பை வழவழப்பாகவே வைத்திருக்கும். சுமார் 8 முதல் 10 டெசிபல் குறையும். காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தம். ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் 2020-இல் சத்தமான வேகன்களுக்குத் தடை போட்டதற்கு இதுதான் அடிப்படை.

நீங்கள் விட்டுவிட்டது சூடு. கலவைக் கட்டை வெப்பத்தை எளிதில் கடத்தாது, அதனால் பெரும்பங்கு சக்கரத்துக்கே போகும். நம் மலை ரயிலையே பாருங்கள். குன்னூருக்குக் கீழே 12.5 அடிக்கு 1 அடி இறக்கம் வரும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் நின்று, விசில் கேட்டதும் கைப்பிடியைச் சுற்றுவார். வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் வண்டி நின்றதும் சக்கரத்தருகே குனிந்திருக்கிறேன்; முகத்தில் அனல் அடித்தது. அது சரக்கு ரயில் இல்லைதான், பல்சக்கரமும் உண்டு. ஆனால் நீண்ட இறக்கம் என்றால் என்னவென்று அங்கே புரியும்.

கலவைக் கட்டையில் கே, எல்எல் என இரண்டு வகை உண்டு. கே வகைக் கட்டைக்கு வேகனின் பிரேக் அமைப்பையே மாற்ற வேண்டும். எல்எல் வகையைப் பழைய வேகனில் அப்படியே பொருத்தலாம், ஆனால் சக்கரத் தேய்மானத்தை அடிக்கடி அளக்க வேண்டும். உங்கள் மாதிரியில் மைக்கோடு சக்கர விளிம்பில் சூட்டை அளக்க ஒரு தெர்மோகப்பிளும் (வெப்ப உணரி) கட்டாயம் வையுங்கள்.