பார்த்தால் நம் நாடாளுமன்றம் மாதிரியே இருக்கும்

கேள்வி: என் மகள் அரசியல் முதுகலை படிக்க இந்தியாவிலிருந்து லீட்ஸ் போகிறாள். பிரிட்டனில் அரசும் தேர்தலும் எப்படி நடக்கின்றன என்று போவதற்கு முன்பே படித்துவைக்க வேண்டுமாம். எதிலிருந்து தொடங்குவது?

அரசமைப்புச் சட்டப் புத்தகத்தைத் தேடி அலைய வேண்டாம். அங்கே அப்படி ஒரே புத்தகம் கிடையாது. சட்டங்கள், தீர்ப்புகள், எழுதிவைக்காத மரபுகள் எல்லாம் சேர்ந்ததுதான் அவர்களின் அரசமைப்பு. முதலிலேயே அதில் இறங்கினால் தூக்கம்தான் வரும். 2024 ஜூலை 4 பொதுத்தேர்தலைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள்.

லேபர் கட்சி வாங்கியது சுமார் 34 சதவீத வாக்கு, பிடித்தது 650-இல் 411 இடங்கள். ரிஃபார்ம் யூகே 14 சதவீதம் வாங்கியும் 5 இடம்தான். லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 12 சதவீதம், ஆனால் 72 இடங்கள்! தொகுதியில் முந்தியவர் ஜெயிக்கும் முறை நமக்கும் பழகியதுதானே. வாக்கு நாடு முழுக்கச் சிதறினால் வீண், சில தொகுதிகளில் குவிந்தால் லாபம். இந்த மூன்று கட்சிகளின் வாக்கும் எங்கெங்கே விழுந்தது என்று வரைபடத்தில் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

அப்புறம் அன்றைய இரவின் காணொளிகள். வாக்குப்பதிவு இரவு 10 மணிக்கு முடியும். மின்னணு இயந்திரமெல்லாம் இல்லை. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட சீட்டுகளை விடிய விடியக் கையால் எண்ணுவார்கள். முடிவு அறிவிக்கும்போது வேட்பாளர்கள் ஒரே மேடையில் நிற்பார்கள். அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் தன் தொகுதி முடிவுக்காக நின்ற மேடையில், தலையில் குப்பைத்தொட்டி மாட்டிய கவுண்ட் பின்ஃபேஸ் என்பவரும் நின்றார். வேடிக்கைதான், ஆனால் அவரும் 500 பவுண்டு டெபாசிட் கட்டிய முறையான வேட்பாளர்.

நம் பிள்ளைகள் சறுக்குவது கொறடா விஷயத்தில். இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை இங்கே மீறினால் பதவியே பறிபோகலாம். 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. அங்கே அது இல்லை. 2019 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் பிரெக்ஸிட் விவகாரத்தில் 21 கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் போரிஸ் ஜான்சன் அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். கட்சிக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள், எம்.பி. பதவி போகவில்லை. அதனால் அங்கே பிரதமர் எதிர்க்கட்சியை விடச் சொந்தக் கட்சியில் அமைச்சர் பதவி இல்லாத பின்வரிசை எம்.பி.க்களுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 2022-இல் பொதுத்தேர்தலே நடக்காமல் ஜான்சன், லிஸ் டிரஸ், சுனக் என்று மூன்று பிரதமர்கள் இருந்ததை இந்தக் கோணத்தில் படிக்கட்டும். சபையில் யார் என்ன பேசினார், எப்படி வாக்களித்தார் என்பதெல்லாம் ஹன்சார்ட் பதிவேட்டில் இலவசமாகக் கிடைக்கும்.

மேலவையான பிரபுக்கள் அவையை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். மசோதாவைத் திருத்தும், தாமதப்படுத்தும், பெரும்பாலும் அவ்வளவே.

இன்னொன்று, காமன்வெல்த் குடிமகள் என்பதால் மாணவர் விசாவில் இருந்தாலும் உங்கள் மகளுக்கு அங்கே வாக்குரிமை உண்டு. வீடு கிடைத்ததும் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடட்டும். வாக்குச்சாவடியில் அடையாளத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட்டே போதும்.