லாபமே பாக்காத சேமிப்பு பேங்க் எங்கயாச்சும் இருந்துச்சா? அதுக்கு என்ன ஆச்சு?

இருந்துச்சுங்க, ஸ்காட்லாந்துல ரூத்வெல்னு ஒரு ஏழைப்பட்ட கிராமத்துல. அங்க சர்ச் போதகரா இருந்த ஹென்றி டங்கன்ங்கறவர் 1810ல ஆரம்பிச்சது.

இத எனக்கு ஏன் இவ்ளோ பிடிக்கும்னா எங்க அம்மாச்சி. பாம்பன் சின்னப்பாலத்துல பாசி எடுக்கப் போவாக, பாறை கிழிக்காம இருக்க விரல்ல துணியச் சுத்திக்கிட்டு முங்கி முங்கி எடுத்து, யாவாரி குடுக்குற காச முந்தியில முடிஞ்சு வச்சு அதுலேர்ந்து சீட்டு கட்டுவாக, ஒரு வருசம் சீட்டு புடிச்சவுக ராத்திரியோட ராத்திரியா ஊரவிட்டே போயிட்டாக, மொத்தமும் போச்சு. அன்னாட கூலிக்காரங்களோட பத்து இருபதப் பத்திரமா வாங்கி வைக்க ஒரு ஆள் இல்ல, அதான் பிரச்சினையே.

டங்கன் பாத்ததும் அதேதான். அப்ப மத்த பேங்குல கணக்கு தொடங்க 10 பவுண்டு வேணுமாம், இவரு 6 பென்ஸ் குடுத்தாலே வாங்கிக்கிட்டாரு. 10 பவுண்டுன்னா, ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ்னு இருந்த அந்தக் காலத்துக் கணக்குல, அந்த 6 பென்ஸப் போல 400 மடங்கு, கூலிக்காரன் எங்க போவான்! சேந்த பணத்த பெரிய பேங்குல 5 சதவீதத்துக்குப் போட்டு, சேமிச்சவங்களுக்கு 4 குடுத்து, மிச்சத்த செலவுக்கும் தர்மத்துக்கும் வச்சுக்கிட்டாங்க. பணப்பெட்டிக்கு மூணு பூட்டு, தனியா ஒருத்தர் திறக்க முடியாது, நம்ம ஊர் கோயில் உண்டியல நாலு பேர் முன்னால திறப்பாங்கள்ல அந்த மாதிரி. மொத வருசம் சேந்தது 151 பவுண்டு. எனக்கு இந்தப் பூட்டுதான் பெருசாத் தெரியுது, அம்மாச்சி கட்டுன சீட்டுக்கு இப்படி ஒண்ணு இருந்திருந்தா அந்தக் காசு தப்பிச்சிருக்கும்.

அப்புறம் இதே மாதிரி பேங்குக நாடு பூரா வந்துச்சு. 1861ல பிரிட்டன் அரசாங்கமே போஸ்டாபீஸ்ல சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்க, 1882ல இந்தியாவுக்கும் வந்துச்சு. 64 புயல்ல போன தனுஷ்கோடியில கூட போஸ்டாபீஸ் இருந்துச்சு. அம்மாச்சியும் கடைசியில போஸ்டாபீஸ் புக்குதான் போட்டாக, அத ரேசன் கார்டோட சேத்து மஞ்சப்பையில வச்சிருப்பாக.

இப்ப ரெண்டாவது கேள்வி. அந்த பேங்குக பெரும்பாலும் ஒண்ணாச் சேந்து டிஎஸ்பின்னு (TSB, டிரஸ்டி சேவிங்ஸ் பேங்க்) ஆகி, 1986ல ஷேரா வித்துட்டாங்க. இது எங்க பணத்துல வளந்தது, எங்களுக்குத்தான் சொந்தம்னு சேமிச்சவங்க கோர்ட்டுக்குப் போனாங்க, போட்ட பணமும் வட்டியும்தான் உங்களுது, பேங்க் உங்களுது இல்லன்னு தீர்ப்பாகிடுச்சு. 1995ல லாயிட்ஸோட சேத்துட்டாங்க. டிஎஸ்பில சேராம தனியாவே நின்னது 1835ல ஆரம்பிச்ச ஏர்ட்ரி சேவிங்ஸ் பேங்க், அதுவும் 2017ல மூடிட்டாங்க. ரூத்வெல்ல டங்கனோட பேங்க் நடந்த வீட்ட பின்னாடி மியூசியமா ஆக்கி, மூணு பூட்டுப் பெட்டியயும் அங்கயே வச்சாங்க.