குளூசோவின் லாரிப் படம்: கேள்வி பதில்

ஆன்ரி-ஜார்ஜ் குளூசோ இயக்கி 1953-இல் வெளிவந்த ‘லெ சலேர் த லா ப்யூர்’ (அச்சத்தின் கூலி) என்ற பிரெஞ்சுப் படம் குறித்து வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: லாரிகளைத் துரத்துவது யார்?

பதில்: யாரும் துரத்துவதில்லை. எண்ணெய்க் கிணற்றில் பற்றிய தீயை அணைப்பதற்காக, ஆளுக்கு 2,000 டாலர் கூலிக்கு நான்கு பேர் இரண்டு லாரிகளில் நைட்ரோகிளிசரினை ஏற்றிச் செல்கிறார்கள். சற்றே குலுங்கினாலும் வெடித்துவிடும்.

கேள்வி: வெடிமருந்தால் தீ அணையுமா?

பதில்: அணையும். வெடிப்பின் வேகம் சுடரை எரிபொருளிலிருந்து ஒரு கணம் பிரித்துவிடுகிறது. எண்ணெய் வயல்களில் கையாளப்பட்ட முறைதான்.

கேள்வி: முதல் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டுப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். லாஸ் பியெத்ராஸ் என்ற அந்த ஊரில் வேலையும் இல்லை, வெளியேற விமானக் கட்டணத்துக்குப் பணமும் இல்லை என்பதை உணர்ந்தால்தான், சாவோடு விளையாடும் வேலைக்கு ஏன் இத்தனை பேர் முண்டியடிக்கிறார்கள் என்பது விளங்கும். வெள்ளை உடையில் மிடுக்காக வந்திறங்கி ஊரையே மிரட்டும் ஜோவை முதலில் பார்த்தவருக்குத்தான், லாரியில் ஏறியபின் அவர் அச்சத்தால் நொறுங்குவது உறைக்கும். ஜோவாக நடித்த சார்லஸ் வானெலைக் கான் திரைப்பட விழா தனியே பாராட்டியது இதற்காகத்தான்.

கேள்வி: ஏற்க மாட்டேன், ஐயா. விறுவிறுப்பு லாரிகள் போகும் பாதையில்தானே இருக்கிறது?

பதில்: பாதையிலும் குளூசோ அவசரப்படவில்லையே! ஒரு லாரி வெடிப்பதை அவர் எப்படிக் காட்டுகிறார் என்று பாருங்கள். பின்னால் வரும் லாரியில் ஜோ சிகரெட் சுருட்டிக்கொண்டிருக்கிறார். தாளில் இருந்த புகையிலை திடீரெனப் பறந்துபோகிறது. முன்னால் சென்ற இருவரின் முடிவை அந்த வெறுந்தாளே சொல்லிவிடுகிறது. அவர்களோடு அந்த ஊரில் ஒரு மணி நேரம் இருந்திராதவருக்கு அது வெறும் காற்றுதான்.

கேள்வி: எந்த இடத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்: முதல் காட்சியிலிருந்து. அமெரிக்க வெளியீட்டில், எண்ணெய் நிறுவனத்தைக் குறைகூறும் காட்சிகள் உட்படப் பல பகுதிகளை வெட்டினார்கள். முழுப் படத்தையே தேடிப் பாருங்கள்.

கேள்வி: படப்பிடிப்பு, கதை நடக்கும் தென் அமெரிக்காவிலா?

பதில்: இல்லை, தெற்குப் பிரான்சின் கமார்க் பகுதியில்.

கேள்வி: இடையில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தால்?

பதில்: கூடாது.

கேள்வி: இதே கதையை வைத்து 1977-இல் வந்த அமெரிக்கப் படம் இதைவிடச் சிறந்ததா?

பதில்: வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கிய அந்தப் படத்தைப் பற்றி அதில் தோய்ந்தவர்களிடம் கேளுங்கள்.