இளங்கோவா, இளங்கோவனா: மகனுக்கு எந்தப் பெயரை வைக்கலாம்?

உங்கள் கேள்வியின் முதல் சொல்லைப் படித்ததும், யாரோ என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். இளங்கோவனை விளித்தால் 'இளங்கோவா'. இளங்கோ என்ற பெயரில் சந்தேகம் வந்து கேட்டாலும் 'இளங்கோவா?'. இரண்டு பெயர்களுக்கும் நடுவில் இருக்கும் சுவர் அவ்வளவு மெல்லியது. அதில் முப்பது வருடமாக முட்டிக்கொண்டிருப்பவன் நான் என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

வீட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்பா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று. நடுவில் ஒரு பெரியவர் உட்கார்ந்துகொண்டு, "இரண்டும் ஒன்றுதானே, எதை வைத்தால் என்ன?" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பெரியவரை மட்டும் நம்பாதீர்கள்.

பொருளில் வித்தியாசம் இல்லைதான். இளமையும் கோவும் சேர்ந்தால் இளங்கோ, அதாவது இளவரசன். அதோடு 'அன்' என்ற ஆண்பால் விகுதி சேரும்போது இரண்டு உயிரெழுத்துகளை ஒட்டவைக்க நடுவில் ஒரு வகர உடம்படுமெய் வந்து இளங்கோவன் ஆகிறது. சிலப்பதிகாரம் பாடியவரை இளங்கோவடிகள் என்கிறோமே, அங்கேயும் அதே வகரம்தான். ஆகவே தமிழாசிரியர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இளங்கோவன் பிழையான பெயர் என்று நான் சொல்லவில்லை. எண் கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டுகிறவர்களோடும் எனக்கு வழக்கு இல்லை. என் வழக்கெல்லாம் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டோடுதான்.

நான் பிறந்தது 1991. அப்பா எனக்கு வைத்த பெயர் இளங்கோ. பிறப்புப் பதிவுக்குத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். பெரிய பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தலைமையாசிரியர் நிமிராமலேயே கேட்க, "இளங்கோவை முதல் வகுப்பில் சேர்க்க வேண்டும்" என்று அப்பா சொன்னாராம். நாம் பேசும்போது 'இளங்கோவை' என்பதன் கடைசி ஐகாரம் தேய்ந்து அகரமாகிவிடும். 'இளங்கோவன்' என்பதன் கடைசி னகரமோ பாதி மூக்கிலேயே நின்றுவிடும். இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். தலைமையாசிரியர் காதில் விழுந்ததை எழுதினார். இளங்கோவன். நீல மை.

அம்மா கதையை இப்படிச் சொல்வார்: அப்பா அதைப் பார்த்தார், ஆனால் "வாத்தியார் எழுதிவிட்டார், அடித்துத் திருத்தச் சொன்னால் நன்றாக இருக்காது" என்று பேசாமல் வந்துவிட்டார். தான் பார்க்கவே இல்லை என்பது அப்பாவின் கட்சி. இத்தனை வருடமாகியும் தீர்ப்பு வரவில்லை.

அந்த ஒரு வரியிலிருந்து பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிறகு பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம். வீட்டில் இளங்கோ, வெளியில் இளங்கோவன். எனக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. 2013இல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோதுதான் தோன்றியது. 26.01.1989 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழைத்தான் காட்ட வேண்டும் என்பது அப்போதைய விதி. கவுன்ட்டரில் இருந்த அம்மையார் பிறப்புச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பேனாவின் மூடிய முனையை 'வன்' என்ற இடத்துக்குக் கீழே வைத்து, "இவர் யார்?" என்று கேட்டார். குரலில் கடுமை இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியது போலத்தான் இருந்தது. உடம்படுமெய்யைப் பற்றி அவரிடம் விளக்க முயன்றேன். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

கடைசியில் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியதாயிற்று. இதில்தான் என் மனக்குறை இருக்கிறது. படிப்புச் சான்றிதழ்கள் அத்தனையும் ஒரு பக்கம், பிறப்புச் சான்றிதழ் மட்டும் ஒரு பக்கம். எதை மாற்றுவது சுலபம்? இளங்கோ என்கிற நான் இனி இளங்கோவன் என்று அழைக்கப்படுவேன் என்று அறிவித்துவிட்டேன். அப்பா வைத்த பெயரை நானே எழுதிக் கொடுத்து நீக்கிய மாதிரி ஆயிற்று. அரசிதழ்ப் பிரதியை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "சரி" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, 'தம்பி' என்றே கூப்பிட்டார். நான்தான் மிகையாக நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லாமல் ஒன்று சொல்லிவிடுகிறேன், மன்னியுங்கள். எனக்குப் பெயர் தேட வீட்டில் மூன்று மாதம் ஆராய்ச்சி நடந்ததாம். என் அக்காவுக்கு? பிரசவ வார்டில் பதிவேட்டை நிரப்ப வந்தவர் "பெண்ணுக்கு என்ன பெயர்?" என்று கேட்டிருக்கிறார், பக்கத்தில் நின்ற யாரோ "செல்வி என்று போடுங்கள்" என்று சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் மணமாகாத பெண்ணுக்கு முன்னால் 'செல்வி' போடும் வழக்கம் உண்டல்லவா, அக்காவின் பத்திரிகையில் 'செல்வி செல்வி' என்று அச்சாகி வந்தது. அச்சுப் பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிட்டுக் கொடுத்த உறவினர்களும் உண்டு. அக்கா அதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் என் பெயரைப் பற்றி நான் புலம்பத் தொடங்கினால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

இனி உங்கள் விஷயம். அறிவோடு யோசித்தால் இளங்கோவன்தான் பாதுகாப்பு. 'இளங்கோவனை', 'இளங்கோவனுக்கு' என்று எந்த வேற்றுமை உருபைச் சேர்த்தாலும் பெயர் கலையாது. இளங்கோ அப்படி இல்லை. வாயிலிருந்து வெளியே வரும்போதே 'வ' ஒட்டிக்கொண்டுதான் வரும். இவ்வளவு தெரிந்தும் நான் இளங்கோ என்றுதான் சொல்வேன். பக்கச் சார்புதான், மறுக்கவில்லை. கூப்பிடுவதற்கு அவ்வளவு அழகான பெயர் அது, ஓகாரத்தில் திறந்தபடியே நிற்கிறது. ஆனால் எந்த அலுவலகத்திலும் வாயால் சொல்லாதீர்கள். தாளில் எழுதிக் கொடுங்கள், பிறகு அவர்கள் எழுதியதை வாங்கிப் படியுங்கள். அடித்துத் திருத்தச் சொன்னால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள்.

அவசரமும் வேண்டாம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயரில்லாமலே பதியலாம்; 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ள முடியும். அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்காகத் தள்ளிப்போட்டு மறந்துவிடாதீர்கள். 01.10.2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. என் காலத்தில் பள்ளிப் பதிவேடு ஜெயித்தது. உங்கள் மகன் காலத்தில் பிறப்புப் பதிவுதான் ஜெயிக்கும்.

ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதையும் அதற்குள் முடிவு செய்துவிடுங்கள். 'இலை'யை 'எலை' என்பது போல இளங்கோவையும் எளங்கோ என்றுதான் பலர் உச்சரிக்கிறார்கள். அதனால் ஆங்கிலத்தில் 'ஈ' எழுத்தில் தொடங்குபவர்கள் பாதி, 'ஐ' எழுத்தில் தொடங்குபவர்கள் பாதி. ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக் கூட்டலை உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. என் பட்டச் சான்றிதழில் 'ஈ', வங்கிக் கணக்கில் 'ஐ'. அந்தக் கதையை ஆரம்பித்தால் இன்று முடியாது.