முதல் வரியில் எந்தப் பைத்தான்?

கேள்வி: பைத்தானில் எழுதிய பில்லிங் கருவியை டெபியன் லினக்ஸுக்கான பேக்கேஜாகக் (நிறுவும் பொதியாகக்) கட்டி அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன். கோப்பை எந்த நிரல் ஓட்டவேண்டும் என்று சொல்லும் முதல் வரி '#!/யுஎஸ்ஆர்/பின்/என்வ் பைத்தான்3'. தனிப் பைத்தானோடு வரும் அனகோண்டா தொகுப்பை வைத்திருக்கும் ஒருவரிடம் மட்டும் 'மாட்யூல் இல்லை' என்று நின்றுவிடுகிறது. அனகோண்டாவை நீக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், பாவம். அவர் கணினி ஒழுங்காகத்தான் இருக்கிறது. நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத்தில் முதலில் அகப்படும் பைத்தான்3-ஐ ஓட்டுவதுதான் என்வின் வேலை. அவரிடம் அகப்பட்டது அனகோண்டாவுடையது. உங்கள் பேக்கேஜுக்காக டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் இறக்கிய மாட்யூல்களோ சிஸ்டம் பைத்தானிடம் இருக்கின்றன. எந்தப் பைத்தான் வேண்டுமென்று பேக்கேஜின் தேவைப் பட்டியலில் (டிபென்டன்சி) எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் எதற்குத் தேடல்? '#!/யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3' என்று நேராக எழுதுங்கள். "அனகோண்டாவில் இருப்பது புதுப் பதிப்பாயிற்றே" என்பார்கள். பில் போட எதற்குப் புதுசு?

டெபியனின் பைத்தான் கொள்கையும் நேர்ப் பாதையைத்தான் கேட்கிறது. இன்னொரு லினக்ஸான ஃபெடோரா இன்னும் கறார். பேக்கேஜில் என்வ் கூடாது என்பது விதி. கட்டும்போதே ஒரு ஸ்கிரிப்ட் அந்த வரியைத் திருத்திவிடும். எண் போடாமல் வெறும் 'பைத்தான்' என்று எழுதியிருந்தால் பில்டே நின்றுபோகும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். ஏனென்றால் 2010-இல் ஆர்ச் லினக்ஸ் 'பைத்தான்' என்ற வெறும் பெயரைப் பைத்தான் 3-க்குக் கொடுத்தது. மற்ற பல இடங்களில் அது வெகுகாலம் பைத்தான் 2-ஆகவே இருந்தது. இன்னொன்று, ஃபெடோராவின் பேக்கேஜ் கருவியான ஆர்பிஎம் இந்த முதல் வரியைப் படித்துத்தான் டிபென்டன்சியைக் குறித்துக்கொள்கிறது. என்வ் என்று எழுதினால் என்வ் தேவை என்றே குறிக்கும், பைத்தானை விட்டுவிடும்.

கிட் (git) சேமிப்பகத்தில் இருக்கும் மூலக் கோப்பில் மட்டும் என்வைத் தொடாதீர்கள். மற்ற இயங்குதளங்களிலும் அது ஓடவேண்டுமே: ஃப்ரீபிஎஸ்டியில் பைத்தான் இருப்பது '/யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்'னில். நிக்ஸ்ஓஎஸ்ஸின் '/யுஎஸ்ஆர்/பின்'னில் என்வைத் தவிர வழக்கமாக எதுவும் இராது. பேக்கேஜ் கட்டும் நேரத்தில் உரையைத் திருத்தும் ஒரு செட் (sed) கட்டளையால் வரியை மாற்றிக்கொண்டால் போதும். என் வழக்கம் அதுதான்.

கேள்வி: முதல் வரியில் '-யு' என்ற ஆப்ஷனையும் சேர்த்து 'என்வ் பைத்தான்3 -யு' என்று எழுதினால் லினக்ஸில் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்கிறதே?

பதில்: என்வுக்குப் பின்னால் வருவதை எல்லாம் லினக்ஸின் மையமான கெர்னல் ஒரே துண்டாகக் கொடுக்கிறது. அதனால் நடுவில் இடைவெளியோடு 'பைத்தான்3 -யு' என்ற பெயரில் ஒரு நிரலை என்வ் தேடுகிறது. என்வ் அடங்கிய கோர்யூட்டில்ஸ் தொகுப்பில், 2018-இல் வந்த 8.30 பதிப்பு முதல் 'என்வ் -எஸ்' உண்டு, அது பிரித்துக் கொடுக்கும். நேர்ப் பாதை எழுதினால் அதுவும் தேவையில்லை.