சித்தம்பூண்டிக் கல்லிலிருந்து ஆக்சிஜனும் அலுமினியமும் எடுக்க முடியுமா?

கேள்வி இது: சந்திரயான் சோதனைக்கு நிலவு மண் போன்ற பொடி தயாரித்த நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக் கல்லில், ஏற்காட்டு பாக்சைட்டில் (அலுமினியத் தாதுவில்) எடுத்தது போல அலுமினியமும் கூடவே ஆக்சிஜனும் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் அந்த பாக்சைட்டிலிருந்து மேட்டூரில் அலுமினியம் எடுத்த வழி நிலவுக்கு ஒத்துவராது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை உச்சியில் பாக்சைட் இருப்பதற்குக் காரணமே மழைதான். சார்னோகைட் பாறையிலிருந்த சிலிக்காவை மழைநீர் காலங்காலமாகக் கரைத்துக்கொண்டு போனது, அலுமினியம் தங்கிவிட்டது. நிலவில் மழை ஏது? அங்கே மேட்டுநிலம் பெரும்பாலும், சித்தம்பூண்டிக் கல்லைப் போலவே, அனார்த்தைட் என்ற கனிமம். அதில் 100 கிலோ எடுத்தால் ஆக்சிஜன் சுமார் 46, சிலிக்கான் 20, அலுமினியம் 19, கால்சியம் 14 கிலோ, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதோடு, அலுமினிய உலையில் கார்பன் ஆனோடுதான் (நேர்மின்முனை) ஆக்சிஜனைப் பிடித்துக் கரியமில வாயுவாக வெளியே விடுகிறது. நிலவில் நமக்கு வேண்டியதே அந்த ஆக்சிஜன். கார்பனைப் பூமியிலிருந்து சுமக்க வேண்டும்.

அதனால் நான் நம்புவது உருகிய உப்பு மின்னாற்பகுப்பை. கல்லைப் பொடித்துச் சல்லடைக் கூடையில் போட்டு, 950 டிகிரி செல்சியஸில் உருகிய கால்சியம் குளோரைடில் இறக்கி, கூடையைக் கேத்தோடு (எதிர்மின்முனை) ஆக்குகிறார்கள். கல் உருகுவதில்லை, ஆக்சிஜன் மட்டும் அயனியாகக் கழன்று ஆனோடுக்குப் போகிறது. மின்னழுத்தம் ஏறக்குறைய 3.2 வோல்ட்டைத் தாண்டினால் உப்பே பிரிந்து குளோரின் வரும். 2020இல் வெளியான கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வில், 50 மணி நேரத்தில் 96 சதவீத ஆக்சிஜன் செயற்கை நிலவு மண்ணிலிருந்து கழன்றது. ஆனால் வாயுவாகக் கைக்கு வந்தது மூன்றில் ஒரு பங்குதான். மீதி கலத்தின் சுவரை அரித்துத் தீர்ந்தது. இன்றைக்கும் இந்த முறையின் பெரிய தலைவலி ஆனோடும் கலமும்தான். கூடையில் மிஞ்சுவதும் தனி அலுமினியம் அல்ல, உலோகக் கலவைத் தூள்.

இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியம் ஆக்சைடு கனிமத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனைப் பிரிக்கும் வழி எளிது. ஆனால் இல்மனைட் மிகுதியாக இருப்பது நிலவின் கரும் சமவெளிகளில். மேட்டுநிலத்தில் அதை நம்ப முடியாது.

இங்கே ஆய்வகத்தில் செய்பவர்கள் இரண்டைக் கவனிக்கணும். கால்சியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மெதுவாக, வெற்றிடத்தில் உலர்த்தாமல் நேராகச் சூடேற்றினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும், உப்பில் சுண்ணாம்பு சேரும். அடுத்தது கல். வெள்ளைக் கல்லில் தெரியும் கரும்புள்ளிகள் ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமம். அதன் படிகத்துக்குள்ளேயே நீர் உண்டு, நிலவுக் கல்லிலோ அது கிட்டத்தட்ட இல்லை. கரும்புள்ளி மிகுந்த துண்டுகளைப் பொறுக்கித் தள்ளாவிட்டால், வாயு அளவியில் ஏறும் ஆக்சிஜனில் எவ்வளவு அந்த நீரிலிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது.